பந்தல் குழிகள்

ஜனவரி 5, ஞாயிறு

ஆறாவது தோல்வி. 41–58.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஸ்கோர் எழுதுவது மேட்ச் பார்த்துப் பார்த்தே வந்தது. நம் கிளப் பாஸ்கெட்பால் டீம் பெண்களில் யார் போட்ட பாஸ்கெட், யார் செய்த ஃபவுல், ஒன்று விடாமல் நோட்டில் இருக்கிறது. கோர்ட்டில் பந்து எழும்பாத இடங்களையும் இன்று குறித்தேன். ஏழு. எல்லாம் கல்யாண ரிசப்ஷன் பந்தலுக்குக் கடப்பாரை போட்டுத் தோண்டின குழிகள். மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

தோல்வி. பார்க்க வந்தது பதினாறு பேர்.

ஜனவரி 20, திங்கள்

நேற்றும் தோல்வி. நோட்டை எடுத்துக்கொண்டு பாலகணேஷின் பாத்திரக் கடைக்கே போனேன். கிளப்பையும் கோர்ட்டையும் அவர் வாங்கி மூன்று வருஷம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் முடிக்க வாராவாரம் கோர்ட்டில் பந்தல்.

"தோக்குற டீமைப் பார்க்க யாருக்கா வாறா? ரிசப்ஷனுக்கு நானூறு பேர் வாறான். முதல்ல ஜெயிக்கச் சொல்லுங்க, அப்புறம் தரை போடுவோம்."

"முதல்ல தரையைக் குடு தம்பி, அப்பால ஜெயிக்கும்."

சிரித்தார். "மார்ச் ஒண்ணாந்தேதி யாரு புக்கிங் தெரியுமா? ஜார்ஜ் அண்ணன்தான். உங்க டெரிக் ரிசப்ஷன்."

என் வீட்டுக்காரர்! என் பிள்ளை! இடம் பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டியது யார், நான்தானே?

வீட்டில் கேட்டதற்கு, "எல்லா மண்டபமும் ஃபுல்லு. ரோட்லயா சோறு போடச் சொல்ற?" என்றார். டெரிக், "மம்மி, உனக்கு நான் புள்ளையா, அந்த டீம் புள்ளையா?"

நோட்டைப் பீரோவில் வைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றாவது தோல்வி. இன்னாத்துக்குப் போறன்னு எதிர்வீட்டு ரூபினா கேட்டாள். கேட்டதெல்லாம் கிடைக்குதுன்னா பூசைக்குப் போறோம்?

கால் வலி. அசதி.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றும் ஜெயிக்கவில்லை. கடைசி மேட்ச் மார்ச் 2, ரிசப்ஷனுக்கு மறுநாள். அதிலும் தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள்.

பந்தல்காரர் ஜெயவேலிடம் கெஞ்சினேன். குழி வேண்டாம், டிரம்மில் மணலைக் கொட்டி அதில் கம்பை நடுங்கள் என்று. "நீ சொல்லிட்ட இல்ல, வுடுக்கா" என்றார். மாதாவே, இது போதும்.

மார்ச் 1, சனி

திருமண பூசை முடிந்து கோர்ட்டுக்கு வந்து பார்த்தால் — நாலு குழி. கடல் காத்துக்குப் பந்தல் ஆடுச்சாம். "தலை மேல வுழட்டுமா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

பட்டுப் புடவையோடு போட்டோவுக்குச் சிரித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

52–53.

கடைசி நிமிஷம். கேப்டன் ஜெமிமா தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள், மறிக்க ஒருத்தி இல்லை. நான் நோட்டில் அவள் பெயருக்கு நேரே இரண்டு என்று எழுதியே விட்டேன். பந்து கீழே போனது, மேலே வரவில்லை.

அது யார் குழி என்று எனக்குத் தெரியும். நேற்று மணமக்கள் நாற்காலிக்கு இடப்பக்கம் நின்ற கம்பு.

எழுதின இரண்டை அடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதருக்குப் புரியவில்லை. "பாஸ்கெட்பாலா?" என்று இரண்டு தடவை கேட்டார். பரிகாரமாக மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார்.

அது பத்தாது.

மார்ச் 5, சாம்பல் புதன்

தபசு காலம் இன்று ஆரம்பம். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போனேன். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு சட்டி சிமெண்ட் கலவை கேட்டு வாங்கினேன். ஜெமிமா கொத்தனார் கரண்டியோடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் நாலு குழியையும் அடைத்துவிட்டு, நோட்டில் குறித்த மற்ற ஏழு குழியையும் அடைத்தோம்.

பாலகணேஷ் பைக்கை நிறுத்திப் பார்த்தார். "ஈஸ்டர் வரைக்கும் புக்கிங் இல்லக்கா. ஆடிக்கட்டும்."

நாற்பது நாள்.

"ஆன்ட்டி, செகண்ட் டிவிஷனுக்கும் வருவீங்களா?" என்று ஜெமிமா கேட்டாள். தலை நிமிராமல் கேட்டாள்.

நோட்டில் இன்னும் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கோடு போட்டு வைத்தேன்.