கழுவி வைத்த நீல மணி

கார்வில் வீட்டு அருங்காட்சியகம்
மேரிலாந்து
12 செப்டம்பர் 1994

அன்புள்ள வெர்டெல்,

உன் இடுப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று உன் மகள் போனில் சொன்னாள். நிம்மதி. நீ சொகுசாக பால்டிமோரில் படுத்துக்கொண்டாய். இங்கே வருகிறவர்களுக்கு மாடி அறைகளையும் நானே காட்டி முட்டி வலியில் சாகிறேன். நம் தொண்டர் கூட்டத்தில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள்.

நீ பல வருஷமாக மன்றாடிய சமையலறைத் தோண்டல் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. தொல்லியல் பேராசிரியர் நோரா மண்ணைக் கரண்டி கரண்டியாகச் சுரண்டிச் சல்லடையில் சலிக்கிறாள். வீடெல்லாம் சேறு. நேற்றுத் தோட்டக் கழகத்துப் பெண்கள் தேநீருக்கு வருவதாக இருந்தது. இவளோ அடுப்பின் முன்னால் ஆணி அடித்து நூல் கட்டி, "திங்கக்கிழமை நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாராவது தடுக்கி விழுந்தால்? நூலை அவிழ்த்தேன். பெயர்ந்து நின்ற செங்கல்லைச் சரிசெய்யலாமென்று தூக்கினால், அடியில் நீல மணி, துளை போட்ட வெள்ளிக் கரண்டி, ஆற்றுக் கூழாங்கல். மூன்றும் ஒரே குழியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உன் கொள்ளுப்பாட்டி கெசியா பிறந்த அன்று அவளைப் பெற்றவள் குழந்தைக்குக் காப்பாக அடுப்படியில் புதைத்து வைத்ததாகச் சொல்வாயே, அதே மூன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். குழியையும் மூடிப் பெருக்கியாயிற்று. வந்து பார், மகிழ்ந்துபோவாய்.

உன் மார்ஜரி

பால்டிமோர்
16 செப்டம்பர்

அன்புள்ள மார்ஜரி,

உன் கடிதத்தை மகளை உரக்கப் படிக்கச் சொன்னேன். சோப்புப் போட்டதாக எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமையலறையில் அடிமைகள் யாரும் வாழவில்லை, கூலிக்கு வந்து சமைத்துவிட்டுப் போனார்கள் என்றுதானே நாம் எல்லோரிடமும் சொல்லிவருகிறோம்? கெசியா அங்கேதான் அடிமையாகப் பிறந்தாள் என்று கமிட்டியில் நான் சொன்னபோது தலைவர் ஹாலோவே, "ஆதாரம் இருந்தா கொண்டாங்கம்மா, வாசல் பலகையிலயே பேரப் போட்டுடலாம்" என்றார். நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அந்த ஆதாரம் மணியில் இல்லை, மார்ஜரி. அடிமைத் தாய்மார் வழக்கப்படி மூன்றையும் ஒருத்தி சேர்த்து அடுப்படியில் ஒளித்து வைத்திருந்தாளே, அதில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போனபின் அவை யாரோ தொலைத்த சாமான்கள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான். எந்தச் செங்கல், எவ்வளவு ஆழம், எது எதன்மேல் இருந்தது என்று நோராவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. இதைச் செய்தால் மற்றதை மறந்துவிடுகிறேன்.

வெர்டெல்

கார்வில் வீடு
3 அக்டோபர்

அன்புள்ள வெர்டெல்,

நீ கேட்டதைச் செய்யத்தான் போனேன். ஹாலோவே என்னைத் தனியாக அழைத்தார். "மார்ஜரி, நல்லா யோசிச்சுக்கோங்க. கார்வில் குடும்பத்துக்காரங்க காதுல இது விழுந்தா, நமக்கு இரவலா குடுத்திருக்கற ஓவியம், நாற்காலி, கட்டில் எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் வர்றவங்களுக்கு வெறுஞ்சுவத்தையா காட்டுவீங்க?" என்றார். என் கணவர் போன பிறகு எனக்கு இருப்பது இந்த வீடு ஒன்றுதான். உனக்குத் தெரியாததா?

மூன்றும் சேர்ந்து கிடந்தனவா என்பது சரியாக நினைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வயதாகிறது, மறதியும் வரத்தானே செய்யும். 'கார்வில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள்' என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். பார்க்க அழகாக இருக்கிறது.

மனதில் வைத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி விழாவுக்குள் எழுந்து நடந்துவிடு. அந்த அடுப்பில் நீ பிஸ்கட் சுடாவிட்டால் ஜனங்களுக்கு வந்த மாதிரியே இருக்காது.

என்றும் உன் மார்ஜரி

பால்டிமோர்
10 அக்டோபர்

மார்ஜரிக்கு,

உன் முதல் கடிதத்தை நோராவுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டாள். "நான் நம்பறேம்மா. ஆனா பாத்தவங்களே ஞாபகமில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களே, நான் என்னன்னு எழுத?" என்றாள். அவள்மேல் குறையில்லை.

உன் மறதி போகட்டும். எனக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டைக் காட்டுகிற பெண்களில் கறுப்பினத்தவள் நான் ஒருத்திதான். கிறிஸ்துமஸ் வந்தால் எனக்கு ஏப்ரன் கட்டி, தலையில் துணி சுற்றி, அந்த அடுப்பின் முன்னால் நிறுத்துவாய். "நீ நின்னாதான் சமையலறை நெஜமா இருக்கு" என்பாய். நானும் சிரித்துக்கொண்டே மாவை அடித்தேன். மற்றவர்கள் பட்டுப் பாவாடையோடு முன்னறையில் நின்றார்கள்.

அந்த அடுப்படி யாருடையது என்று உனக்கும் ஹாலோவேக்கும் எப்போதும் தெரியும். என்னை அங்கே நிறுத்த ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லையே.

இனி நான் வரமாட்டேன். ஏப்ரனை இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்த அடுப்பின் கரி அதில் இருக்கிறது. அதையாவது கழுவாமல் வை.

வெர்டெல் கிப்ஸ்