லிஃப்டில் வளைந்த சுரம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கிடங்கு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பயப்படாதே, நீ சிரிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கூட இருந்த டிரைவர் அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. “தம்பி, செத்துருவேன் போலிருக்கு” என்றார். எனக்கும் பயம்தான். சட்டைப்பையிலிருந்த மவுத் ஆர்கனை எடுத்தேன். அதில் ஒரு சுரத்தை வளைத்து இறக்க, மூச்சை மெல்ல, நீளமாக உள்ளே இழுக்கவேண்டும். “என்கூடவே இழுங்கண்ணே” என்றேன். சுரம் தாழத் தாழ அவரும் இழுத்தார். கதவு திறக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் அவர் வீட்டுக்குப் போன் போட்டார். என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் போடவில்லை.

தலையணை உறை கிழிந்துவிட்டது. கடையில் வாங்கலாம்தான், உன் பழைய சேலையில் ஒன்று தைத்து அனுப்பேன். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்