நெஞ்சு உருகியது என்று நினைத்தேன்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நம் மகள் பெரியவளும் எப்படி இருக்கிறீர்கள்?

இதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் உணவுக்குழாயின் உட்புறத்தை நானே கண்ணால் பார்த்துவிட்டேன். பயப்படாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சாமி முன்னால் விழுந்து கும்பிடும்போது நெஞ்செல்லாம் சூடாகிக் கண்ணில் நீர் வரும். பக்தியில் நெஞ்சு உருகுகிறது என்றே நினைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் வீட்டு அம்மாதான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனார். கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய்வழியே இறக்கிப் படம் எடுத்தார்கள்.

"இரைப்பை வாய் சரியா மூடலம்மா. குனிஞ்சா அமிலம் மேல ஏறி இப்படிப் புண்ணாக்குது," என்று படத்தில் சிவந்த கோடுகளைக் காட்டினார் டாக்டர்.

"அப்ப அது பக்தி இல்லையா டாக்டர்?"

"பக்தி இருக்கட்டும்மா. சாப்பிடறதுக்கு முன்னாடி கும்பிடுங்க."

எனக்கு மாத்திரையிலேயே ஆறிவிடுமாம். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால்தான் புண் தழும்பாகி, குழாய் குறுகி, சோறு வழியிலேயே நின்றுவிடுமாம். உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் தண்ணீர் குடித்துத் தள்ளுகிறீர்களே, அது வெறும் அவசரம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. சோடா குடித்துச் சமாளிக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். செலவுக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

படுக்கும்போது அமிலம் மேலே ஏறாமல் இருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். தலைப்பக்கம் உயர்ந்துவிட்டால் உங்களுக்குத் தலையணை வேண்டியிருக்காது. அதை எனக்கு அனுப்பிவையுங்கள். உறையைத் துவைக்க வேண்டாம்.

வீட்டு அம்மா கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி