'எப்போதும்' என்று நான் எழுதிய ஒரு வரி

நண்பா,

போன ஞாயிறு பழைய பெட்டியை ஒழிக்கும்போது, கம்பெனி பஸ் டிரைவர்களுக்குத் தினமும் அச்சடித்துக் கொடுத்த ட்ரிப் ஷீட் ஒன்று கையில் கிடைத்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட டாட் மேட்ரிக்ஸ் தாள். 'பஸ் 7, ஜெனரல் ஷிப்ட், ஸ்டாப்: தேரடி.' தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சேர்ந்து சிரிக்க வேண்டிய நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

இன்கமிங் கால் இலவசமாகிச் சில வருடங்களே ஆன காலம். ஒரகடம் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நாம் இருவர். டேட்டாபேஸ் உன்னுடையது, பஸ் புரோகிராம் என்னுடையது. ஒவ்வொரு ஷீட்டுக்கும் அது டேட்டாபேஸைக் கேட்டுவிட்டு வருவதற்குள் டிரைவர்கள் இரண்டு டீ முடித்துவிடுவார்கள். அதனால், ஒருமுறை கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும் கேஷ் (cache) வைத்தேன். டேட்டாபேஸ் டேபிளில் உள்ள ஸ்டாப்புகளை ஆப்ஜெக்ட்டாக மாற்றித்தரும் மேப்பிங் லேயர், ஒருமுறை படித்ததை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும், மறுபடி டேட்டாபேஸைக் கேட்காது. இதற்கான செட்டிங்கை ஊரே தனி எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுத, நான் புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதினேன். எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் 'எப்போதும்' என்று போட்டேன். பஸ் ஸ்டாப் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற திமிர்.

"ஒரு தபா கேட்டா அப்பால கேக்கவே கேக்காதா? எங்க மாமனார் மாதிரியே கீது" என்றாய்.

சித்திரையில் தேர் வந்தது. அன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ் தேரடிக்குள் போகாமல் மெயின் ரோட்டிலேயே நிற்க வேண்டும். பக்கத்து மண்ணூர்க்காரன் நீ, ஞாபகமாக முந்தின நாளே மாற்றினாய். என் ஸ்க்ரீன் வழியாக மாற்றியிருந்தால் கேஷும் மாறியிருக்கும். நீ நேராக டேட்டாபேஸ் டேபிளில் கை வைத்தாய். "உன் ஸ்க்ரீன் தொறக்கறதுக்குள்ள தேரு நிலைக்கு வந்துரும்டா." கேஷுக்கு அது தெரியாது, ஷீட்டில் பழையபடி தேரடி என்றே அச்சானது.

மறுநாள் எட்டு மணிக்கு வர வேண்டிய நாற்பது பேர் பத்து மணிக்கு வந்தார்கள். நெற்றியில் திருமண், கையில் தொன்னைப் பொங்கல். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் டிரைவர் அந்தோணி அண்ணனின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"சீட்டுல தேரடின்னு போட்டுகீது, போனேன் சார். வெளிய வர வழியில்ல. தேர் போனாதான பஸ் போவும்? அதான் எல்லாருமா வடம் புடிச்சோம்."

மேனேஜர் நம் பக்கம் திரும்பினார். "யார் தப்பு?" அவர் மேஜையில் என் கன்ஃபர்மேஷன் லெட்டர் கையெழுத்தாகாமல் கிடந்தது. அது கிடைக்காவிட்டால் நான் சொந்த ஊர் திருநெல்வேலிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் அந்த லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார். ஸ்க்ரீன்ல மாத்தாம டேபிள்ல மாத்திட்டேன்" என்றாய். பாதி உண்மை அது. 'எப்போதும்' என்ற மீதிப் பாதியை நான் விழுங்கிக்கொண்டேன். உனக்கு மெமோ வந்தது, பிரமோஷன் போனது. வெளியே வந்ததும், "மூஞ்ச ஏன்டா அப்படி வெச்சிகினு கீற? நான் பர்மனன்ட்" என்றபடி இந்த ஷீட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்தாய்: 'ஒரு மணி நேரம் போதும்.'

அன்றிலிருந்து எந்தக் கம்பெனியிலும் கேஷுக்கு ஒரு மணி நேரம்தான் போடுகிறேன். ஏன் என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் உன் காரியத்துக்கு வந்தேன், உன் மனைவியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்ற உன் சின்ன மகள் என் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்:

"அம்மா, அந்த 'எப்போதும்' மாமா வந்துகீறாரு."

அந்தத் தேர் நாளிலிருந்து உன் வீட்டில் எனக்கு அதுதான் பெயராம். வருடா வருடம் தேரன்று நீ அந்தக் கதையைச் சொல்வாயாம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். சாவு வீட்டில் நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

உன் மகள் இப்போதும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். மாற்றச் சொல்லவில்லை.