இடது கால் பிந்தி விழுந்த பாட்டுகள்

இன்று காலை எதிர்த்தெருவில் காதுகுத்து. வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் விடிந்ததிலிருந்து பாட்டு. நான் கடையில் பருத்திக்கொட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பாட்டுக்குப் பிறகு அந்த ட்விஸ்ட் பாட்டு வந்தது. பல்லவி முடிந்து கிதார் நுழையும் இடத்தில் எல்லாம் சேர்ந்து விழ வேண்டிய அடி ஒன்று உண்டு. அங்கே டிரம் செட்டில் இடது காலால் மிதித்து மூடுகிற அந்த ஜோடித் தட்டு மட்டும் ஒரு மயிரிழை பிந்தி 'ச்' என்றது. என் கை நின்றுவிட்டது. மாட்டுக்குக் கொட்டை வாங்க வந்த பாலவனத்தத்துச் சம்சாரி ஒருவர், என்ன முதலாளி, உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி மூட்டையைக் கட்டிக் கொடுத்தேன். நீ செத்து இரண்டு மாதம் ஆகிறது.

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். இந்த மடலில் நான் குறை சொல்லப்போவது உயிரோடு இருக்கிறவனை. ஆகவே சாத்திரத்துக்கு விரோதமில்லை.

பள்ளிக்கூடத்தில் உனக்கு 'ஒண்ணேகால்' என்று பெயர் வைத்தவன் நான்தான். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டை டவுனுக்குப் படிக்க வந்தவன் நீ. சிறு வயதில் வந்த காய்ச்சலில் உன் இடது கால் சூம்பிப்போயிருந்தது. நடக்கும்போது அந்தக் கால் யோசித்துத்தான் தரையைத் தொடும். பெயர் வைத்த மறுநாளே வகுப்பு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. நீ கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நாம் சிநேகிதர்களாகியிருக்க மாட்டோம். என்னைப் பொறுத்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாம் ஏழு பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு ஆரம்பித்தோம். மதுரையில் பழைய டிரம் செட் ஒன்று கிடைத்தது. அதில் நீ உட்கார்ந்தாய், நான் பாங்கோஸ். நொண்டிக்கு எதற்கடா மிதிக்கிற வாத்தியம் என்று எல்லாரும் சிரித்தோம். உன் வலது காலும் இரண்டு கைகளும் சரியாக விழும். இடது கால் மட்டும் எப்போதும் ஒரு நூல் பின்னால் வரும். ஆனால் அந்த ஒரு நூலில்தான் பாட்டே ஆடியது. கல்யாணப் பந்தலில் மொய்க்காரர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள் எல்லாரும் காரணம் தெரியாமல் தலையாட்டினார்கள். எனக்குக் காரணம் தெரிந்தது, அப்போதே கொஞ்சம் எரிந்தது.

ஒரு கச்சேரிக்கு வந்திருந்த மெட்ராஸ் கிதார்க்காரர் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். நீ விட்டுப்போன இடத்தில் நான் உட்கார்ந்தேன். அதன் பிறகு உன் கார்டுகள் வர ஆரம்பித்தன. வீட்டு விசாரிப்பு இரண்டு வரி, மிச்சமெல்லாம் ஸ்டுடியோ. டிரம்மரைத் தனியாகத் தட்டி மறைப்புக்குள் அடைத்துவிடுவார்கள், பாடகர் மைக்குக்குச் சத்தம் போகாமலிருக்கச் சுற்றிலும் கம்பளி, மின்விசிறி கிடையாது. முப்பது பேரில் ஒருவர் தவறினாலும் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். "இசைத்தட்டுல நம்ம பேரு வராதுலே. தப்பு பண்ணுனா மட்டும் பேரச் சொல்லிக் கூப்புடுவாக" என்று எழுதியிருந்தாய்.

கார்டின் கடைசியில் எப்போதும் ஒரு பாட்டின் பெயர் இருக்கும். யார் வாசித்தது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பஜாரில் ரேடியோ செட் கடைக்குப் போய் அந்த இசைத்தட்டைப் போடச் சொல்லிக் கேட்பேன். அங்கே டிரம் வாசித்தவர்களில் பரங்கிமலை ஆங்கிலோ இந்தியக்காரர் உருட்டி முடிக்கும்போதெல்லாம் பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர் போல அரை அடி முந்துவார். கோவாக்காரர் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தோலைத் தேய்ப்பார்; சுளகில் கேப்பை புடைக்கிற சத்தம் வரும். இன்னொருவர் சரணத்துக்கு முன் ஓர் அடியை வேண்டுமென்றே விட்டுவிடுவார். பாடகி அந்தப் பள்ளத்தில் இறங்கி வருவாள். நான் ஒரு முறையும் தவறவில்லை. உன்னுடையது என்றால் இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிடும். அந்த ஆளுக்குப் பாம்புக் காது என்று கடைக்காரர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

அந்தப் பெருமையில்தான் நானும் மெட்ராஸுக்கு வந்தேன். நீதான் சொல்லி வைத்திருந்தாய். வாத்தியக்காரர்களை நடத்துகிறவர் என்னை ஒரு பாட்டு முழுக்க வாசிக்கவிட்டார். பிறகு உன் பக்கம் திரும்பி, "தம்பி கடிகாரம் மாதிரி வாசிக்கிறார். பாட்டு கேக்குறவன் மணி பாக்கவா வர்றான்?" என்றார். நீ எழுந்து போய் அதே பாட்டை வாசித்தாய். உன் இடது கால் பிந்தி விழுந்தது. அவர் கண்ணை மூடிச் சிரித்தார். இரண்டு காலும் நன்றாக இருந்த நான் அங்கே ஓர் ஓரமாக நின்றேன். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, ரெண்டு மாசம் கழித்து வா, பார்க்கலாம் என்றாய். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நீ ஆறுதல் சொன்னாய்.

மறு வருடம் உனக்குப் பெண் பார்த்தார்கள். நரிக்குடிப் பக்கம், கண்மாய்ப் பாசனத்தில் வயல் உள்ள குடும்பம். பெண்ணை நீ திருவிழாவில் பார்த்திருந்தாய். அவள் உன் காலைப் பார்த்த பிறகும் சரி என்று சொல்லியிருந்தாள். அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாய். பெண்ணின் தாய்மாமனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காலும் இப்படி, சினிமாவுக்கு வாசிக்கிறேன் என்பதும் பொய்யாக இருந்தால் பெண்ணை எதை நம்பிக் கொடுப்பது என்று கேட்டார். நம் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளையின் யோக்கியதையை விசாரிக்க அவரே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்தார்.

அதற்கென்று மெட்ராஸிலிருந்து வந்திருந்த நீ அவரை நேரே ரேடியோ செட் கடைக்கு அழைத்துவந்தாய். எனக்கும் ஆள் அனுப்பியிருந்தாய். அவர் இசைத்தட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாம் இருந்தன. உன் பெயர் எங்கே என்றார். நீ சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தாய்.

"இவன்ட்ட கேளுங்க மாமா. எங் கை எதுன்னு இவனுக்குத் தெரியும்."

தட்டைப் போட்டார்கள். அதே ட்விஸ்ட் பாட்டு. இரண்டாவது அடியில் உன் கால் வந்தது. எனக்குத் தெரிந்தது. யோசிப்பவன் போலத் தலையைச் சாய்த்து, இன்னொரு முறை போடச் சொன்னேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னேன். கடை வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், சந்தேகமே இல்லாமல்.

"இது நல்ல காலுக்காரன் வாசிச்சது அண்ணாச்சி," என்றேன். "ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்கிறவனாலதான் அந்த ஜோடித் தட்ட இப்பிடி மிதிக்க முடியும்."

தாய்மாமனுக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குத்தான் படாது? வெளியே யாரோ பழைய பட்டப்பெயரைச் சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பொறாமைக்காரன் பொய் சொல்வது உலகத்தில் நடக்கிறதுதான். உன் ஊனத்தையே நான் சாட்சிக்கு இழுத்ததுதான் என் கைவேலை.

பஸ் ஸ்டாண்டு வரை உன் பின்னால் நடந்தேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டினால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. திருச்சுழி பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, "ஏலே, மெய்யாவே எங் கால் கேக்கலையா?" என்றாய். கேட்கவில்லை என்றேன். நீ தலையசைத்தாய். அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. நான் பொய் சொன்னேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் காதைவிட என் காதை நம்பினாய்.

நான்கு மாதம் கழித்துக் கார்டு வந்தது. குதிகாலில் கட்டை வைத்த செருப்பு ஒன்று செய்துகொண்டதாகவும், தினமும் விடிகாலையில் இடது காலைப் பழக்குவதாகவும் எழுதியிருந்தாய். "இப்ப சரியா விழுது. கேட்டுப் பாரு" என்று ஒரு பாட்டின் பெயர் இருந்தது. போய்க் கேட்டேன். சரியாகத்தான் விழுந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் வாசிக்கிற மாதிரி இருந்தது. இப்போதுதான் நன்றாயிருக்கிறது என்று பதில் எழுதிப் போட்டேன். போட்டுவிட்டு வந்து பசியாறச் சாப்பிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. நேரத்துக்கு வாசிக்கிறவர்கள் மெட்ராஸில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். உன்னைக் கூப்பிடுவது வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகியது. அந்தப் பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நீ கட்டிக்கொள்ளவே இல்லை. கார்டில் பாட்டின் பெயர் எழுதுவதை நிறுத்தினாய், பிறகு கார்டையே நிறுத்தினாய். லாட்ஜ் அறையில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய் என்று தந்தி வந்தது.

கருமாதிக்கு முன்பு உன் தம்பி கடைக்கு வந்தான். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடிக்கப் போவதாகச் சொன்னான். அண்ணன் வாசித்த பாட்டுகளை அதில் போட வேண்டும், புளுகன் என்று சிரித்த ஊர் படிக்க வேண்டும், உங்களுக்குத்தான் தெரியும் என்றான். உட்கார வைத்து எழுதிக் கொடுத்தேன். நினைவிலிருந்தே பத்தொன்பது பாட்டு வந்தது. தம்பி வாசித்துப் பார்த்துவிட்டு, இவற்றுக்குப் பிறகும் ஏழெட்டு வருடம் வாசித்தாரே, அந்தப் பாட்டுகள் எங்கே என்று கேட்டான். அவற்றை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றேன். அது உண்மை.

"அப்ப இதெல்லாம் அவுக வாசிச்சதுன்னு எப்பிடிண்ணே தெரியும்?"

இடது கால் ஒரு நூல் பிந்தி விழும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடியும் மடித்தான்.

"அப்ப அன்னைக்கு ரேடியோ கடையிலயே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான்.

தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். போஸ்டரில் உன் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன.

இப்போது நான் வெட்கத்தை விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே அந்தப் பத்தொன்பதில் ஒன்று கேட்டாலும், இது அவன் வாசித்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறேன். போன வாரம் ரேடியோ செட் கடைக்காரரிடமும் சொன்னேன். செத்துப்போன சிநேகிதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்:

"பாசத்துல சொல்றீக, சரி. ஆனா இது நல்ல காலுக்காரன் வாசிச்சதுன்னு நீங்கதான சொன்னீக. ஒங்க காது தப்பாது."