மூன்றாவது கம்ப்யூட்டர்

இன்று காலை புது கீபோர்டின் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்ததும் உன் நினைவு வந்துவிட்டது. மன்னார்புரத்தில் நாம் இருவரும் பிரவுசிங் சென்டர் திறந்த நாளில் கடை முழுக்க இதே வாடைதான். பாலக்கரையிலிருந்து நீ, ஸ்ரீரங்கத்திலிருந்து நான். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது.

ஜீயபுரம் சாந்தியை நினைவிருக்கிறதா? துபாயில் இருந்த கணவருக்கு வாரம் தவறாமல் நம் கடையிலிருந்து மெயில் எழுதுவாள். ஒரு நாள் வெளிறிய முகத்தோடு வந்து நின்றாள்.

"நான் எழுதாத மெயில் என் வீட்டுக்காரருக்குப் போயிருக்குங்க. பாஸ்போர்ட் காப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கு. நல்ல வேளை, 'டியர்'னு ஆரம்பிச்சிருந்துச்சாம். நான் என்னிக்கு அவரை டியர்னு கூப்பிட்டேன்? சந்தேகப்பட்டு உடனே போன் பண்ணிட்டார்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நீ ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சோதித்தாய். மூன்றாவதில் அகப்பட்டது. கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ரகசியமாகப் பதிவுசெய்து யாருக்கோ அனுப்பும் கீலாகர். இலவசமாகக் கிடைக்கிறதே என்று நான் இறக்கிப் போட்ட தமிழ் டைப்பிங் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"வெளியே சொல்லாதடி. அழிச்சுட்டு விட்டுடலாம். தெரிஞ்சா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன்.

"நம்மளை நம்பித்தானே பாஸ்வேர்டு போட்டாங்க? கடை போனாப் போகுது, அவங்க மாட்டிக்கக் கூடாது" என்றாய். ஏன் அதைப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாடிக்கையாளர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் போன் செய்தாய்.

"எங்க கடையில தப்பு நடந்துடுச்சுங்க. உடனே பாஸ்வேர்டை மாத்துங்க. இங்க வேண்டாம், உங்களுக்கு நம்பிக்கையான வேற கம்ப்யூட்டர்ல மாத்துங்க."

முசிறிக்காரர் ஒருவர் திட்டியது எதிரில் இருந்த எனக்கே கேட்டது. "நியாயம்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாய்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததைச் சுத்தமாக அழித்து, மென்பொருள்களைப் புதிதாக ஏற்றினோம். யாரும் கண்டதை நிறுவ முடியாதபடி பூட்டினோம். பத்து நாள் கடை வெறிச்சோடிக் கிடந்தது. அதன்பின் சாந்தி பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வேற கடையா இருந்தா இதைச் சொல்லியிருப்பாங்களா?" என்றாள். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாய்.

இப்போது மெயில் எழுத யாரும் வருவதில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறார்கள். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பேங்க் வேலை என்றால், சொந்த போனில் செய்யுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம், நம் கடையில் வேலை பார்க்கும் ரேவதி என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, தெரியாத மெயில்ல வந்த ஃபைலைத் திறந்துட்டேன்."

திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நெட்டைத் துண்டித்துச் சோதித்தோம். பாதுகாப்பு மென்பொருள் அதைத் தடுத்து வைத்திருந்தது.

"மறைக்கணும்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டமாட்டீங்கன்னு தெரியும்க்கா."

நான் திட்டத் தெரியாதவள் இல்லை. அது உனக்குத் தெரியும். அன்று நீ என்னைத் திட்டாமல் விட்டாயே, அதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.