நைனாவின் காதுச் சூடு

உன் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நாற்றம்தான் முதலில் வந்தது. சூடேறிய பிளாஸ்டிக் நாற்றம். மூன்று வருஷம் லேபில் நாம் சேர்ந்து மோந்தது, உனக்குச் சொல்ல வேண்டுமா? உன் முதல் வருஷப் படையலுக்காக, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கி செஞ்சியில் இறங்கியிருந்தேன். உன் படத்துக்கு முன் எரிந்த ஊதுவத்தியையும் மீறி அது மூக்கில் ஏறியது.

டிவி பக்கத்தில் உன் நைனாவின் காது மெஷின், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டில் உட்கார்ந்திருந்தது. நம் கம்பெனி அனுப்பிய பரிசு. ‘உங்கள் மகளின் படைப்பு’ என்று ஓர் அட்டை வேறு. தூ!

நீ செய்தது அது இல்லை. ஒயர் இல்லாமல் கரண்ட் தாவும்போது பக்கத்து உலோகமெல்லாம் சூடாகும், பொட்டு அளவு பேட்டரி அதைத் தாங்காது. நீ தட்டின் கம்பிச் சுருளைச் சுற்றி ஃபெரைட் தகடு பதித்து, கரண்ட் கண்ட பக்கம் போகாமல் தடுத்தாய். சூடு ஏறினால் தட்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சாம்பிளையும், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல, உள் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாய். மேனேஜர் ஏசி ரூமில் எடுத்த ரீடிங்கை நீட்டினால், “எங்க ஊர்ல சித்திரைல பொழுது சாஞ்சும் மலைப்பாறை சுடும் சார், அங்க வந்து எடுங்க” என்பாய். என்னிடம், “ரீடிங் கெடக்குது, கைல வெச்சுப் பாருடி” என்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், உன் தட்டில் சார்ஜ் ஏற நாலரை மணி நேரம் ஆகிறது, பெட்டியில் இரண்டு மணி என்று போட வேண்டும் என்றார்கள். செலவு என்று தகடும் போயிற்று. சூடு பார்க்கும் சென்சாரை, மெஷின் உட்காரும் குழியிலிருந்து தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். சூடு அப்படியே இருந்தது, ரீடிங் மட்டும் குளிர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்த ரிப்போர்ட்டில், உன் இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

காபி கொடுத்த உன் அண்ணி, “அவ பண்ணதுதான், காதப் பொசுக்குது. கழட்டி எறிங்கன்னா கேக்க மாட்றாரு” என்றாள். நைனாவின் காது மடலுக்குப் பின்னால் தோல் சிவந்து உரிந்திருந்தது. நான் அங்கே பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

“எம்பொண்ணு செஞ்சதும்மா. சுட்டா இன்னா, ஆறிப்புடும்.”

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையாட்டிக்கொண்டே இருந்தவர், நான் முடித்ததும், “சாப்டியா?” என்றார். மெஷின் தட்டில் இருந்தது. ஒரு சொல்லும் அவருக்குக் கேட்கவில்லை. சீ, அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்ததடி! சொல்லியாச்சு, பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. என்னை அவ்வளவு கேவலமாக நான் பார்த்ததில்லை.

மெஷினை எடுத்து ஆற வைத்தேன். மணிக்கட்டில் வைத்தேன், சுட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். சுடாமல் ஆனதும் அவர் காதில் மாட்டிவிட்டு, முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை அண்ணிக்கும் கேட்கிற மாதிரி.

“அவ பண்ணது சுடாது நைனா. கெடுத்தது நான்.”

அவர் உன் படத்தின் பக்கம் திரும்பினார். என்னைத் திட்டவில்லை.

“அப்ப அவ பண்ணது எங்க?” என்றார்.

என் பையில் இருந்தது. உன் கடைசி சாம்பிள், உன் கையெழுத்தில் தேதி ஒட்டிய தட்டு. யாரிடமும் காட்டத் தைரியமில்லாமல் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“லேட்டா ஏறும் நைனா.”

“ஏறட்டுமே” என்று மெஷினைக் கழற்றி அவரே அதில் வைத்தார். நடுநடுவே கை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது அந்தச் சுடுகிற தட்டு என் பையில் வந்தது. அட்டையைக் கிழித்துவிட்டேன். இன்னும் எத்தனை காதுகள் வெந்துகொண்டிருக்கின்றனவோ. திங்கட்கிழமை அதை மேனேஜர் மேஜையில் வைத்து, அதன் மேல் ஒரு மெஷினை ஏற்றி, சூடேறும் வரை நின்று, நீ சொல்வதையே சொல்லப்போகிறேன்: ரீடிங் கிடக்கட்டும், மணிக்கட்டை நீட்டுங்க சார்.